ஆளுக்கொரு டப்பா

அத்தியாயம் 9

போன வாரம் சமீருல்லாவை ஒரு ஸ்டீல் பீரோவுக்கு முன்னால் நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். பாவம், மனசளவில் இன்னும் அங்கேயேதான் நிற்கிறான். உடம்பு மட்டும் திங்கட்கிழமை காலை சாப்பாட்டு மேஜைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது.

சனிக்கிழமை சாயங்காலம் கரன்ட் பில் அட்டையைத் தேடப் போனவனுக்கு, அம்மியின், அதாவது அவன் அம்மாவின், துப்பட்டாக்களுக்கு அடியில் ஒரு வெள்ளை டப்பா அகப்பட்டது. மேலே அவன் வேலை செய்யும் கல்லூரியின் முத்திரை. 'பாத எரிச்சல் ஆய்வு' என்று ஒரு சீட்டு. அதற்குக் கீழே எண் 117.

வேறு யார் வீட்டிலாவது அகப்பட்டிருந்தால் அது வெறும் மாத்திரை டப்பா. இந்த வீட்டில் அப்படி இல்லை.

சமீருல்லா, பள்ளிகொண்டா தாண்டி பைபாஸ் ஓரம் நிற்கும் ஒரு மருத்துவக் கல்லூரியின் புள்ளியியல் பிரிவில் இருக்கிறான். டாக்டர்கள் ஆராய்ச்சி செய்வார்கள். கணக்கு இவன் போடுவான். இவன் வீடு இருக்கும் ஆம்பூரில் முகாம் போட்டு இந்த ஆய்வில் சேர்த்தவர்கள் எல்லாரும் சர்க்கரையால் பாதம் எரிகிறவர்கள். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியாது. கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. அந்த ரகசியத்தைக் கணினியில் பூட்டிச் சாவியைக் கையில் வைத்திருப்பவன் ஒரே ஒருத்தன். அவன்தான் இப்போது இட்லியை விண்டு விண்டு தட்டிலேயே வைத்துக்கொண்டிருக்கிறான்.

முனவ்வர் பேகம் எதிரில் வந்து உட்கார்ந்தாள். மகன் டப்பாவைப் பார்த்துவிட்டது அவளுக்கும் தெரியும். ஒரு கையில் தண்ணீர் டம்ளர். இன்னொரு கையில் மாத்திரை. அதை வாயில் போடாமல், நகைக்கடையில் மூக்குத்தியைக் காட்டுவதுபோல மகனுக்கு நேராக நீட்டினாள்.

"இப்போ போட்டுக்கப் போறேன்."

"போட்டுக்கோங்க அம்மி."

"போட்டுக்கட்டுமா?"

"டாக்டர் சொன்னா போட்டுக்கத்தானே வேணும்?"

"டாக்டருக்குத்தான் ஒண்ணும் தெரியாதாமே. முகாம்ல அந்த நர்ஸ் பொண்ணு சொல்லிச்சு, 'கம்ப்யூட்டர் சாருக்கு மட்டும்தான் தெரியும்'னு. யாரு அந்தக் கம்ப்யூட்டர் சாருன்னு எனக்குத் தெரியாதா இன்னா?"

"எனக்கும் தெரியாது. நான் பாக்கல."

"பாக்கலைன்னா இன்னிக்குப் பாரு."

"பாக்கக் கூடாது அம்மி!"

சட்னிக் கிண்ணத்தோடு வந்த மெஹக், "விடுங்க மாமி," என்றாள். "இவரு நிக்காவுக்கு முன்னாடி என் போட்டோவையே சரியாப் பாக்கலையாம். மாத்திரையை எங்க பாக்கப் போறாரு?"

மெஹக்குக்குச் சிரிப்பு. அவள் கட்டிக்கொண்டவனுக்குச் சிரிப்பு வரவில்லை. முனவ்வர் பேகம் சும்மா ஒருத்தி இல்லை. ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருந்து ரிட்டையர் ஆனவள். தைத்து வரும் தோலை விளக்கு வெளிச்சத்தில் ஒரு திருப்புத் திருப்பி, மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாத கீறலுக்கு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியவள். அந்தக் கண்ணுக்கு இப்போது வீட்டில் வேலையில்லை. கிடைத்த ஒரே சரக்கு மகன் மூஞ்சி.

சமீருல்லா முகத்தைக் கட்டை மாதிரி வைத்துக்கொள்ளப் பார்த்தான். கட்டை மாதிரி வைத்துக்கொண்டால் எதையோ மறைக்கிறான் என்று ஆகிவிடும். சிரித்தான். சிரித்தால் நல்ல மாத்திரை என்று அர்த்தமாகிவிடுமே என்று பாதியில் நிறுத்தினான். பாதிச் சிரிப்பு அதைவிட மோசம். எந்த முகமும் தோதுப்படாமல், கடைசியில் சுவரில் தொங்கிய காலண்டர் பக்கம் திரும்பி அன்றைக்குத் தொழுகை நேரம் என்ன என்று மும்முரமாகப் படித்தான்.

"சரி, புரிஞ்சுபோச்சு," என்றாள் அம்மி.

"இன்னா புரிஞ்சுது?"

"ஒண்ணுமில்ல. நீ கெளம்பு பேட்டா, பஸ்ஸு போய்டும்."

மாத்திரை வாய்க்குப் போனதா, டப்பாவுக்கே திரும்பியதா என்று அவன் கவனிக்கவில்லை. காலண்டரில் அஸர் வரைக்கும் வந்திருந்தான்.

*

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தும் அவன் வெளியே பார்க்கவில்லை.

விதி ஒன்று இருக்கிறது. ஆய்வில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் சாவி வைத்திருப்பவன் உடனே சொல்லிவிட்டு விலக வேண்டும். அந்த விதியை எழுதியவர் பிரிவின் தலைவர் ஆரோக்கியமேரி மேடம். தட்டச்சு செய்தவன் இவன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான்கு தடவை போனைக் கையில் எடுத்து நான்கு தடவையும் கீழே வைத்தான். நேரில் சொல்வதுதான் மரியாதை என்று தனக்குத்தானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டான். பயத்துக்கு மரியாதை என்று பெயர் வைப்பதில் அவன் கெட்டிக்காரன்.

"மேடம், ஒரு சின்ன விஷயம்," என்று மெல்ல ஒத்திகை பார்த்தான். சின்ன விஷயமா? "மேடம், ஒரு பெரிய விஷயம்." அப்படி ஆரம்பித்தால் அவருக்கு பிரஷர் ஏறும். "மேடம், ஒரு நடுத்தர விஷயம்..."

பக்கத்து சீட்டுக்காரர் தன் பையை எடுத்துக்கொண்டு பின்னால் போய்விட்டார்.

இன்றைக்கே சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இன்றைக்குத்தான் ஆய்வின் பாதுகாப்பு அறிக்கை முடிய வேண்டும். பாதி வழியில் நின்று, நிஜ மாத்திரை யாருக்காவது கெடுதல் செய்கிறதா என்று பார்க்கும் அறிக்கை. அதை மூடிய அறைக்குள் உட்கார்ந்து தயார் செய்வதும் அவன்தான். நாளைக் காலை வெளியூர்க் குழு அதைப் படித்து, ஆய்வு தொடரலாமா நிற்கலாமா என்று முடிவு செய்யும்.

பிரிவுக்குள் நுழைந்தால் மேடம் அறை பூட்டியிருந்தது.

"டீனோட மீட்டிங்கு சார்," என்றார் அட்டெண்டர் பச்சையப்பன். "சாப்பாட்டு டைமுக்கு மேலதான் வருவாங்க. உங்களுக்கு வெளிய கும்பல் நிக்குது பாருங்க."

திங்கட்கிழமை டாக்டர்களுக்கு யோசனை சொல்லும் நாள். ஆராய்ச்சி தொடங்கும்முன் வந்து கேளுங்கள் என்று கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. எல்லாரும் அந்த நோட்டீஸைப் படித்துவிட்டு, ஆராய்ச்சியை முடித்த பிறகு வருவார்கள். ஒரு எலும்பு டாக்டர், நூறு பேருக்கு ஆபரேஷனும் செய்து, கட்டுரையும் எழுதிவிட்டு, "இதுக்கு எவ்ளோ பேரை எடுக்கணும் சார்?" என்று கேட்டுக்கொண்டு வந்திருந்தார்.

அவருக்குப் பின்னால் பட்டமேற்படிப்பு மாணவி பாரதி. கண்ணில் தூக்கமில்லை.

"சார், பி வேல்யூ பாயின்ட் ஜீரோ எய்ட் வருது. கைடு திட்டுவாரு. கொஞ்சம் கம்மி பண்ண முடியாதா?"

அந்த எண் பாயின்ட் ஜீரோ ஃபைவுக்குக் கீழே இறங்கினால்தான் மருந்து வேலை செய்தது என்று உலகம் ஒத்துக்கொள்ளும். அது இறங்காமல் அழுத டாக்டர்களைச் சமீருல்லா நிறையப் பார்த்திருக்கிறான்.

"கத்திரிக்காயாம்மா, கொறைச்சுக் குடுக்க? வந்தது வந்ததுதான். வித்தியாசம் தெரியலைன்னு நேர்மையா எழுதுங்க. அதுவும் ஒரு பதில்தான்."

இதைச் சொல்லும்போது அவன் குரல் கணீரென்று இருந்தது. சொல்லி முடித்ததும் 117 ஞாபகம் வந்து, அடுத்த ஆளை அவசரமாகக் கூப்பிட்டான்.

கும்பல் கலையும் நேரம் பார்த்து, பாத எரிச்சல் ஆய்வை நடத்தும் டாக்டர் சூரியபிரகாஷ் கதவுக்குள் தலையை நீட்டினார்.

"சமீர், டெல்லி கான்ஃபரன்ஸுக்கு டிக்கெட் போடட்டுமா? ஒண்ணும் சொல்ல வேணாம். சும்மா என்னைப் பாருங்க, போதும்."

சமீருல்லா ஜன்னலைப் பார்த்தான்.

"ஓ," என்றார் டாக்டர். "சரி சரி, புரியுது." முகம் வாடி, செருப்பைத் தேய்த்துக்கொண்டே போனார்.

ஒரே நாளில் இரண்டாவது ஆளுக்கும் புரிந்துவிட்டது. சமீருல்லாவுக்குத்தான் இன்னும் எதுவும் தெரியாது.

*

மூடிய அறிக்கை நாளுக்கென்று மேடம் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். அறிக்கை எழுதுகிறவன் அன்றைக்கு கேன்டீன் பக்கம் போகக்கூடாது. டாக்டர்களோடு டீ கிடையாது. போன் பச்சையப்பனின் மேஜை டிராயரில். சாப்பாடு கதவுக்குள். 'கணக்குப் போடறவன் வாயை மூடிக்குவான். மூஞ்சியை மூட முடியாது. அதனால ஆளையே மூடிடறோம்' என்பார்.

அந்த அறை முன்பு பழைய எக்ஸ்ரே படங்களைப் போட்டு வைத்திருந்த குடோன். ஜன்னல் கிடையாது. ஒரு மேஜை, ஒரு கணினி, குளிரையும் சத்தத்தையும் சமமாகக் கொடுக்கும் ஒரு ஏசி. மெஹக் கட்டிக் கொடுத்த டிபனைத் திறந்தான். மூடினான்.

மேடம் வருவதற்குள் பெயரில்லாத மொத்தக் கணக்கையாவது போட்டு வைக்கலாம் என்று ஆரம்பித்தான். மொத்தக் கணக்கில் யாருடைய அம்மாவும் இல்லை. இரண்டு நெடுவரிசைதான். ஒன்று நிஜ மாத்திரை, ஒன்று மாவு. வாந்தி இரண்டிலும் ஏறக்குறைய சமம். தலைவலி சமம். அடுத்த வரி: எழுந்து நிற்கும்போது பிரஷர் இறங்கி மயக்கம்.

அது சமமாக இல்லை.

நிஜ மாத்திரைப் பக்கம் கனமாக இருந்தது. ஆய்வை நிறுத்துகிற அளவுக்கு இல்லை. நிம்மதியாகத் தூங்குகிற அளவுக்கும் இல்லை. தற்செயலாகவும் இருக்கலாம். குழு பார்த்து முடிவு செய்யட்டும் என்று எழுத வேண்டிய இடம். மற்ற எந்த ஆய்வாக இருந்தாலும் அப்படி எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பான்.

சாவிக் கோப்பு பக்கத்திலேயே திறந்திருந்தது. எண் வரிசையில் எல்லாரும் இருந்தார்கள். நூறைத் தாண்டினால் நூற்றுப் பதினேழு.

மேஜையிலிருந்த மஞ்சள் ஒட்டுச் சீட்டு ஒன்றைக் கிழித்து, அந்த வரி வரக்கூடிய இடத்தில் திரைமேல் ஒட்டினான். தன் யோசனையைத் தானே மெச்சிக்கொண்டு கோப்பை மெல்ல கீழே நகர்த்தினான். திரையில் வரிகள் நகரும், ஒட்டிய சீட்டு நகராது என்ற உண்மை, எம்.எஸ்ஸி. ஸ்டாட்டிஸ்டிக்ஸில் தங்கப் பதக்கம் வாங்கியவனுக்கு நூற்றுப் பன்னிரண்டாவது வரி வந்த பிறகுதான் உறைத்தது. பதறிக் கண்ணை மூடினான். ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டே இன்னொரு கையால் மவுஸைத் துழாவினான்.

அந்தக் கோலத்தில் கதவு தட்டப்பட்டது.

"சார்," என்றார் பச்சையப்பன் வெளியிலிருந்து. "டிராயர் ஓயாம அதிருது. வூட்டுப் போனு. மூணு வாட்டி ஆச்சு."

*

"ஏங்க, மாமிக்கு மயக்கம்." மெஹக்கின் குரலில் காலையிலிருந்த சிரிப்பு இல்லை. "கோயிந்தம்மா வூட்டுக்குப் போயிருந்தாங்க. நாற்காலிய வுட்டு எழுந்தவங்க அப்பிடியே சரிஞ்சுட்டாங்களாம். கோயிந்தம்மாதான் புடிச்சுக்கினாங்க. இல்லாட்டி தலை தரையில மோதியிருக்கும்."

"இப்போ எப்பிடி இருக்காங்க?"

"இப்போ ஒக்காந்துக்கினு, டீயில தண்ணி ஜாஸ்தின்னு கோயிந்தம்மாவைத் திட்டிக்கினு இருக்காங்க."

"திட்றாங்களா? அல்லாவுக்கு நன்றி."

"அந்த மாத்திரையாலதானா? ஒரே வார்த்தை சொல்லுங்க. ஆமாவா, இல்லையா?"

ஒரே வார்த்தைதான். 'நிறுத்து' என்றால் அம்மி நிறுத்துவாள். அதோடு விடமாட்டாள். என் மகனே சொல்லிட்டான் என்று தோழி கோவிந்தம்மாளுக்குச் சொல்வாள். கோவிந்தம்மாள் தெருவுக்குச் சொல்வாள். முகாமில் சேர்ந்த பாதிப் பேர் அவர்களோடு ஒரே கம்பெனியில் தைத்தவர்கள். நாளைக்கு விடிவதற்குள் ஆம்பூரில் ஒரு டப்பா திறக்காது. 'நிறுத்தாதே' என்று சொல்லி, நாளைக்கு அவள் குளியலறைப் படியில் எழுந்து நின்றால்? பிடிக்க அங்கே கோவிந்தம்மாள் இருப்பாளா?

"டப்பா மேல முகாம் டாக்டர் நம்பர் இருக்கும். அவருக்கு உடனே போன் பண்ணு. அவர் வர்ற வரைக்கும் எந்த மாத்திரையும் வேணாம்னு சொல்லு. இதை யாருக்கா இருந்தாலும் நான் சொல்லுவேன், மெஹக். அம்மிக்குன்னு தனியாச் சொல்லல."

பின்னால் அம்மியின் குரல் கேட்டது. "டாக்டர் வாணாம். என் புள்ளை சொல்லட்டும். அவனுக்குத் தெரியும்."

"கேட்டுச்சா?" என்றாள் மெஹக்.

"எனக்குத் தெரியாது மெஹக்."

"தெரிஞ்சுக்க எவ்ளோ நேரம் ஆகும்?"

ஒரு விரல் அசைக்கிற நேரம்தான் ஆகும்.

"பெத்தவங்க கீழ வுழறாங்க. நீங்க அந்தக் கம்ப்யூட்டருக்கு மரியாதை குடுத்துக்கினு இருங்க," என்றாள் மெஹக். போன் வைக்கப்பட்டது.

திரும்பவும் அந்த அறைக்குள் போனான். ஏன் போனான் என்று பின்னால் கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. திரை அப்படியே இருந்தது. திரையின் கடைசி வரிக்குக் கீழே ஐந்து வரி தள்ளி அவன் அம்மி இருந்தாள், நிஜமாகவோ மாவாகவோ. மவுஸில் கையை வைத்தான்.

பார்த்தால் மட்டும் என்ன ஆகும்? பார்த்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தால்? அந்த மூஞ்சியை வைத்துக்கொண்டா? காலையில் தெரியாதபோதே இரண்டு பேருக்குப் புரிந்துவிட்டது. தெரிந்தபின் அதைத் தூக்கிக்கொண்டு ஆம்பூர் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டருக்குக்கூடப் புரிந்துவிடும்.

கணினியைப் பூட்டினான். எழுந்து போனான்.

ஆரோக்கியமேரி மேடம் அப்போதுதான் வந்து, காலை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு பொரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒத்திகை பார்த்த எந்த வசனமும் வரவில்லை.

"மேடம், நூத்திப் பதினேழு எங்கம்மா."

பொரி பாதி வழியில் நின்றது.

"எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"சனிக்கிழமை சாயங்காலம்."

"ஞாயித்துக்கிழமை எதுக்குப் படைச்சிருக்கு? எனக்கு போன் பண்ணத்தான்."

"ஆமா மேடம்."

"வரியைப் பாத்தீங்களா?"

"இல்ல. பாக்காம இருக்க சீட்டு ஒட்டினேன். வரி நகர்ந்துச்சு, சீட்டு நகரல."

மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டார். கோபமா, சிரிப்பை அடக்கவா என்று தெரியவில்லை. அவன் மயக்கத்தையும் மெஹக்கின் போனையும் சொன்னதும் அந்த உதடு நேரானது. காலைக் கீழே இறக்கினார்.

"சாவியைக் குடுங்க. பாஸ்வேர்டையும் எழுதிக் குடுங்க. இந்த நிமிஷத்துலேர்ந்து இந்த ஆய்வுல நீங்க கிடையாது சமீர். நீங்க நோயாளியோட மகன். வெளிய உக்காருங்க. ஆம்பூர் டாக்டருக்கு நான் பேசறேன். இந்த ஒரு டப்பாவைப் பத்தி அவருக்கு மட்டும் சொல்லுவேன். உங்களுக்கு இல்ல."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தான். கதவு சாத்தியிருந்தது. உள்ளே மேடத்தின் குரல் ஏறி இறங்கியது, வார்த்தை புரியவில்லை. அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம்தான் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தான். இந்தப் பக்கத்தில் பெஞ்சு இவ்வளவு கடினமாக இருக்கும் என்று யாரும் சொன்னதில்லை.

மேடம் வெளியே வந்தார். சமீருல்லா எழுந்து அவர் முகத்தைப் பார்த்தான். புருவத்தைப் பார்த்தான். வாய் ஓரத்தைப் பார்த்தான். ஒன்றும் இல்லை, கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது.

"வீட்டுக்குப் போங்க," என்றார்.

பஸ் முழுக்க அந்த இரண்டு வார்த்தையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தான். சாதாரணமாகப் போங்க என்றாரா, சீக்கிரம் போங்க என்றாரா?

*

வீட்டில் கல்யாணக் களை. மெஹக் வெங்காய சமோசா பொரித்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் அம்மியும், அவளோடு ஷூ கம்பெனியில் ஒரே லைனில் இருந்து ரிட்டையரான கோவிந்தம்மாளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"டாக்டர் வந்து பாத்துட்டுப் போய்ட்டாரு," என்றாள் மெஹக். மதியம் போனில் பேசியதற்காகக் கொஞ்சம் வெட்கம் அவள் முகத்தில் இருந்தது. தட்டில் ஒரு சமோசா கூடுதலாக வைத்தாள். "உங்க மேடம் அவருக்குப் பேசினாங்களாம். 'இந்த மாத்திரையால இல்லம்மா, நேரத்துக்குச் சாப்பிடாம இருந்திருப்பீங்க. பயப்படாம போட்டுக்கோங்க'ன்னு சொல்லிட்டாரு."

சமீருல்லா நாற்காலியில் தொப்பென்று விழுந்தான். இரண்டு நாளாக நெஞ்சுமேல் உட்கார்ந்திருந்தது எழுந்து போனது.

"பாத்தியா?" என்றாள் அம்மி வெற்றியோடு. "என்னுது மாவு. காலைலயே உன் மூஞ்சியில எழுதி ஒட்டியிருந்துச்சு."

"காலைல எனக்கே தெரியாது அம்மி!"

"உனக்குத் தெரியாது. உன் மூஞ்சிக்குத் தெரியும்."

கோவிந்தம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவனும் சிரித்தான். சமோசாவை எடுத்துக் கடித்தான். அம்மி மடியிலிருந்து வெள்ளை டப்பாவை எடுத்து, சாயங்கால மாத்திரையை உள்ளங்கையில் தட்டினாள்.

டப்பாமேல் இருந்த எண் 163.

சமோசா சுட்டது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"அம்மி, அது யாரு டப்பா?"

கோவிந்தம்மாள் அம்மியைப் பார்த்தாள்.

"கோயிந்தம்மாளோடது," என்றாள் அம்மி, உலகத்திலேயே சாதாரண விஷயம் போல. "மொதல்லேர்ந்தே ஒரு நாள் என் டப்பா, ஒரு நாள் அவ டப்பா. ரெண்டு பேரும். எது நெசம் எது மாவுன்னு யாருக்குத் தெரியும்? ஒருத்தி நெசமும் ஒருத்தி மாவும் துன்னா நல்லாவா இருக்கும்? பாதிப் பாதி."

"எங்க லைன்ல அப்பிடித்தான் நைனா," என்றாள் கோவிந்தம்மாள். "மதியானம் பெல் அடிச்சா எல்லாச் சோத்தையும் நடுவுல கொட்டிருவோம். ஒருத்தி கொண்டாந்தத ஒருத்தியே துன்னதில்ல. பழக்கம்."

"இன்னிக்கு?" என்றான் சமீருல்லா.

"இன்னிக்குத்தான் உன் மூஞ்சியப் பாத்தேனே. என்னுது மாவுன்னு தெரிஞ்சதும் நேரா இவ வூட்டுக்குப் போனேன். இவ, 'எனக்கு எரிச்சல் அடங்கிடுச்சு முனவ்வரு, கொஞ்ச நாளு என்னுத நீயே வெச்சுக்கோ'ன்னு டப்பாவையே குடுத்துட்டா. விட்டுப்போனதுக்கும் சேத்து ரெண்டா போட்டுக்கினேன்."

"போட்டுக்கினு?"

"டீ குடிக்கலாம்னு எழுந்தேன்."

மெஹக் அடுப்பை அணைத்தாள்.

டாக்டர் பார்த்தது 117-ஐ. மேடம் திறந்தது 117-ஐ. அம்மியின் வயிற்றில் இருந்தது 163. சமீருல்லா எழுந்து போய் அவள் உள்ளங்கையிலிருந்த மாத்திரையை மெல்ல எடுத்துக்கொண்டான். அவள் தடுக்கவில்லை. மகன் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் மேடத்துக்குச் சொல்லியாகணும் அம்மி."

"சொல்லு, என்னைப் பத்தி மட்டும் சொல்லு. இவளைச் சொல்லாதே." அம்மியின் குரல் தணிந்தது. "சொன்னா இவ பேரை அடிச்சுடுவாங்க. மாத்திரை போய்டும், மாசாமாசம் டெஸ்டு போய்டும். எத்தனை வருஷமா இவ ஈரத்துணியக் காலுல சுத்திக்கினு படுத்தான்னு உனக்கு இன்னா தெரியும்? இப்போதான் தூங்கறா."

"நல்லாத் தூங்கறேன் நைனா," என்றாள் கோவிந்தம்மாள். பாதத்தை ஸ்டூல்மேல் நீட்டி வைத்திருந்தாள். தோல் வெடித்த, வெறும் பாதம். அதை ஏதோ புதுசாக வாங்கியதுபோலப் பார்த்துக்கொண்டாள்.

போன் அடித்தது. ஆரோக்கியமேரி மேடம். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தானா, அம்மாவுக்கு எப்படி என்று கேட்கத்தான் இருக்கும். நன்றி மேடம் என்று சொல்லிவிட்டு வைத்துவிடலாம். யாருக்கும் தெரியாது. இரண்டு டப்பாவையும் மாற்றி வைத்துவிட்டால் எல்லாம் எழுதியிருக்கிறபடியே இருக்கும்.

"சமீரு," என்றாள் அம்மி. "வாணாம்டா."

அவன் எடுத்தான்.

நின்றுகொண்டே, யாரையும் பார்க்காமல், ஆரம்பத்திலிருந்து சொன்னான். 163 என்ற எண் வந்தபோது கோவிந்தம்மாள் காலை ஸ்டூலிலிருந்து இறக்கிப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். அம்மி முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

மேடம் மறுமுனையில் எதையோ எழுதிக்கொண்டே பேசினார்.

"ரெண்டு பேரும் உடனே நிறுத்தணும். டாக்டரைத் திரும்ப அனுப்பறேன், ராத்திரி அம்மா தனியா எழுந்துக்கக் கூடாது," என்றார். பிறகு, "அந்தம்மாவை விட்டுடமாட்டேன் சமீர். எப்படின்னு தெரியல. யோசிப்போம்."

"தேங்க்ஸ் மேடம்."

"இருங்க. இவங்க ரெண்டு பேர் மட்டும்தானா?"

மதியம் பார்த்த இரண்டு நெடுவரிசைகளும் கண்முன் வந்து ஒன்றோடொன்று கலந்தன. போனைக் காதிலிருந்து எடுக்காமலே திரும்பினான்.

"பெரியம்மா, முகாம்ல சேந்தவங்கள்ல, உங்க லைன்காரங்க வேற யாராவது இப்பிடி மாத்திச் சாப்பிடறாங்களா?"

கோவிந்தம்மாள் அவனுக்கு உதவ வேண்டும் என்று மனதார நினைத்தாள். நெற்றியைச் சுருக்கி, உதடு முணுமுணுக்க, விரலை மடக்க ஆரம்பித்தாள். வலது கை முடிந்தது. இடது கை முடிந்தது. ஒரு கணம் யோசித்தாள்.

"முனவ்வரு," என்றாள், "உன் கைய இப்பிடிக் குடு."